தனித்துறை வலைப்பதிவு வழி வருமானம்

தனித்துறை வலைப்பதிவு என்பது ஏதேனும் ஒரு குறுகிய துறையைப் பற்றி மட்டுமே தொடர்ந்து எழுதப்படும் வலைப்பதிவு ஆகும். மாடித்தோட்டம், பழைய நாணயங்கள், தையல், மீன்தொட்டி வளர்ப்பு, மிதிவண்டிப் பயணம், போட்டித் தேர்வுக் கணக்கு என எதுவும் அத்துறையாக இருக்கலாம். வீட்டிலிருந்தபடியே இவ்வாறு எழுதி, விளம்பரம், விற்பனைக் கழிவு, சொந்தச் சேவை ஆகியவற்றின் மூலம் பணம் ஈட்டுவது இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் நடந்து வருகிறது. இதில் நிலையான வருமானம் கண்டவர்கள் உண்டு. ஆறு மாதம் எழுதிவிட்டுக் கைவிட்டவர்கள் அவர்களைவிட மிகப் பலர். எழுத்துத் திறமை குறைந்ததால் கைவிட்டவர்கள் சிலரே. படிப்பவர் எதைத் தேடி வருகிறார் என்பதைக் கவனிக்காமல் விட்டதும், பணம் எந்த வேகத்தில் வரும் என்று முன்னதாகக் கணக்குப் போட்டுப் பார்க்காததுமே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கின்றன.

தோற்றமும் வளர்ச்சியும்

இணையத்தில் நாட்குறிப்புப் போல எழுதும் பழக்கம் 1990-களின் பிற்பகுதியில் பரவியது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் வலைப்பதிவு தொடங்க வழிசெய்த பிளாக்கர் சேவையை பைரா லேப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1999 ஆகஸ்டில் வெளியிட்டது. கூகுள் நிறுவனம் 2003-ல் அதனை வாங்கியது. வேர்ட்பிரஸ் மென்பொருள் வெளிவந்ததும் அதே 2003-ஆம் ஆண்டில்தான். அந்த ஆண்டு ஜூன் மாதம் கூகுள் தொடங்கிய ஆட்சென்ஸ் திட்டமே வலைப்பதிவருக்கு வருமான வாசலைத் திறந்தது. அதற்கு முன் ஒரு தளத்தில் விளம்பரம் வேண்டுமென்றால் விளம்பரதாரரைத் தேடிப் பிடித்துப் பேரம் பேச வேண்டும். ஆட்சென்ஸ் வந்த பின் ஒரு சிறு நிரல்துண்டைத் தளத்தில் ஒட்டினால் போதும். பக்கத்தில் உள்ள செய்திக்குப் பொருத்தமான விளம்பரம் தானாக வந்து அமர்ந்தது.

தமிழில் எழுதுவோருக்கு இந்த வாசல் நீண்ட காலம் திறக்கவில்லை. தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டித் தந்த தமிழ்மணம் தளம் 2004-லேயே தொடங்கிவிட்டது. அதன் வழியே ஏராளமானோர் எழுத வந்தனர். ஆனால் ஆட்சென்ஸ் ஆதரிக்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் சேர்ந்தது 2018 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் ஆர்வத்துக்காகவே எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் எழுதிய இந்தியர்களின் நிலை வேறு. ஆக்ராவில் வசிக்கும் அமித் அகர்வால் 2004-ல் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, கணினிப் பயன்பாட்டுக் குறிப்புகளை எழுதும் வலைப்பதிவைத் தொடங்கினார். வலைப்பதிவையே முழுநேரத் தொழிலாக்கிய முதல் இந்தியர்களில் ஒருவராக அவர் குறிப்பிடப்படுகிறார்.

ஒரு கேமராவின் கதை

தனித்துறை வலைப்பதிவு எவ்வாறு வருமானமாக மாறுகிறது என்பதை விளக்க ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்த டேரன் ரௌஸ் என்பவரின் அனுபவம் மிகப் பொருத்தமானது. அவரே அதனைப் பலமுறை எழுதியும் பேசியும் இருக்கிறார்.

2002-ல் பொழுதுபோக்காக வலைப்பதிவு தொடங்கிய ரௌஸ், பின்னர் புதிய டிஜிட்டல் கேமரா ஒன்றுடன் மொராக்கோ சென்று, எடுத்த படங்களை வெளியிட ஒரு தனி வலைப்பதிவைத் தொடங்கினார். படங்களைப் பார்க்க ஆள் வரவில்லை. ஆனால் அந்தக் கேமராவைப் பற்றிய ஒரு பதிவுக்கு மட்டும் தேடுபொறியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தனர். காரணம் எளிது. அவருடைய பயணம் அவருக்கு முக்கியம். ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு அதில் என்ன இருக்கிறது? பணம் கொடுத்துக் கேமரா வாங்கப் போகிறவருக்கோ அதை வாங்கிப் பயன்படுத்தியவரின் சொல் வேண்டும். இதைக் கவனித்த ரௌஸ் அந்தத் தளத்தைக் கேமரா மதிப்புரைத் தளமாக மாற்றினார்.

ஆட்சென்ஸ் சேர்த்த தொடக்க நாட்களில் அவருக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 1.40 டாலர். இணைய இணைப்புச் செலவுக்கு ஆகட்டும் என்பதே அப்போது அவருடைய எதிர்பார்ப்பு. வேறு பகுதிநேர வேலைகளைச் செய்துகொண்டே எழுதினார். வருமானம் மெல்ல ஏறியது. பிறகு 2004-ன் இறுதியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது அவருடைய தளத்துக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் ஏறத்தாழ முழுவதும் ஒரே நாளில் மறைந்துபோனது. அதனுடன் வருமானமும் போயிற்று. சில வாரங்கள் கழித்துத்தான் பெருமளவு திரும்பியது. அதன் பின்னரே அவர் ஒரே தளத்தையும் ஒரே வருமான வழியையும் நம்பியிருப்பதை விட்டார். 2006-ல் தொடங்கிய புகைப்படக் கலைத் தளத்தில் மின்னஞ்சல் மூலம் வாசகர்களைச் சேர்த்து, பிற்காலத்தில் மின்னூல்களும் பாடங்களும் விற்றார்.

துறையைத் தெரிவு செய்தல்

"எனக்குப் பிடித்ததை எழுதுகிறேன்" என்பது தொடக்கத்துக்குப் போதும், வருமானத்துக்குப் போதாது. தேர்ந்தெடுக்கும் துறையில் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். அதில் மக்கள் மாட்டிக்கொண்டு விழிக்கும் சிக்கல்கள் உள்ளனவா? அவற்றைத் தீர்க்க அவர்கள் பணம் செலவிடுகிறார்களா? எழுதுபவரிடம் நேரடி அனுபவம் உண்டா?

மாடித்தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். "தாவரங்கள்" என்பது மிக விரிந்த துறை. "வீட்டுத் தோட்டம்" கொஞ்சம் குறுகியது. "மாடியில் பைகளில் காய்கறி வளர்த்தல்" என்பதே ஒரு வலைப்பதிவுக்கு உரிய அளவு. அதிலும் "மிளகாய் வளர்ப்பது எப்படி" என்று பொதுவாக எழுதப்பட்ட பக்கங்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. ஆனால் காலையில் மாடிக்குப் போய், மிளகாய்ச் செடியின் இலைகள் சுருண்டு கிடப்பதைப் பார்த்தவர் கைப்பேசியில் தட்டுவது "மிளகாய் இலை சுருட்டல்" என்றுதான். இலை ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன் தாக்குதல். கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தால் சிலந்திப்பேன் தாக்குதல். இரண்டையும் தம் மாடியிலேயே படமெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, தாம் செய்து பார்த்த மருந்தையும் அது எத்தனை நாளில் கேட்டது அல்லது கேட்கவில்லை என்பதையும் எழுதுபவரின் பக்கம் பல ஆண்டுகள் தேடப்படும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி, மல்லிகையில் மொட்டு உதிர்தல், தேங்காய் நார்க்கழிவை எத்தனை முறை கழுவுவது, ஆடிப்பட்டத்தில் எதை விதைப்பது, தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று இந்த ஒரே துறைக்குள் நூறு தலைப்புகளுக்கு மேல் கிடைக்கும்.

தோல்வியையும் எழுதலாம். செடி பட்டுப்போன கதையை எழுதுபவரின் பேச்சை, எல்லாம் செழித்தது என்று எழுதுபவரின் பேச்சைவிட வாசகர் எளிதில் நம்புகிறார்.

விளம்பர வருமானக் கணக்கு

ஆட்சென்ஸ் வருமானம் பல காரணிகளைப் பொறுத்து மாறும்: வாசகர் இருக்கும் நாடு, மொழி, துறை, பருவம். காப்பீடு, கடன், மென்பொருள் பற்றிய பக்கங்களுக்கு விளம்பரதாரர் அதிகம் கொடுப்பர். சமையலுக்கும் கதைக்கும் குறைவாகவே கொடுப்பர். அமெரிக்க வாசகருக்குக் காட்டப்படும் விளம்பரத்தின் விலையோடு ஒப்பிட்டால், தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடைக்கும் விலை மிகக் குறைவு. இதைத் தெரியாமல் ஆங்கிலத் தளங்களின் வருமானப் பட்டியலைப் பார்த்துத் தமிழில் தொடங்கியவர்கள் ஏமாற்றம் அடைந்துள்ளனர்.

பள்ளிக் கணக்குப் போல ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட அளவு மட்டுமே.) நாளொன்றுக்கு 200 பார்வைகள் வந்தால் மாதத்துக்கு 6,000 பார்வைகள், வருமானம் 3 டாலர். ஆட்சென்ஸ் திட்டத்தில் கணக்கில் 100 டாலர் சேர்ந்த பின்னரே பணம் அனுப்பப்படும். ஆக முதல் தொகை கைக்கு வர 33 மாதங்களுக்கு மேல் ஆகும்! இதுவே நாளொன்றுக்கு 2,000 பார்வைகள் என்றால் மாதம் 30 டாலர். மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் 100 டாலர் சேரும்.

2,000 பார்வைகளை எட்டுவது எப்போது? ஒவ்வொரு பதிவுக்கும் சராசரியாக நாளொன்றுக்கு 10 பேர் வருகிறார்கள் என்றால் 200 பதிவுகள் வேண்டும். வாரம் இரண்டு பதிவு எழுதினால் 100 வாரங்கள், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். ஆறாவது மாதத்தில் கைவிடுபவர் 50 பதிவுகளோடு நிறுத்திவிடுகிறார். அந்த நிலையில் அவருக்கு வருமானம் தெரியாததில் வியப்பில்லை. கணக்கில் கால்வாசி வழிதான் அவர் வந்திருக்கிறார். அதற்காக எல்லோரும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. குடும்பச் செலவுக்கு அடுத்த மாதமே பணம் தேவைப்படும் நிலையில் இருப்பவர் இதனை நம்பி இறங்கக் கூடாது. தையல், தனிப்பயிற்சி போன்று உடனே கூலி தரும் வேலையே அவருக்கு உகந்தது.

நடைமுறைச் செய்திகள் சில. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஓர் இரகசிய எண் அஞ்சலில் வரும். கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சரியாகக் கொடுக்காவிட்டால் அது வந்து சேராமல் பணம் தடைபடும். கணக்குத் தொடங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளி மாணவர் எழுதுவதானால் பெற்றோர் பெயரில் கணக்கு இருக்க வேண்டும். தன் தளத்து விளம்பரத்தைத் தானே சொடுக்குவதும், உறவினரிடம் "நம்ம பக்கத்துக்குப் போய் விளம்பரத்தைத் தினமும் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள்" என்று சொல்லி வைப்பதும் விதிமீறல். இதனால் கணக்கு மூடப்பட்டு, சேர்ந்த தொகையும் போனவர்கள் உண்டு. அன்பினால் கெடுக்கும் உறவினருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

விளம்பரம் அல்லாத வழிகள்

விற்பனைக் கழிவு முறையில், பதிவில் கொடுத்துள்ள இணைப்பின் வழியே வாசகர் ஒரு பொருளை வாங்கினால் எழுதியவருக்கு விலையில் ஒரு சிறு விழுக்காடு கிடைக்கும். அமேசான் நிறுவனம் 1996 முதல் இத்திட்டத்தை நடத்துகிறது. மாடித்தோட்டக்காரர் பூவாளி, தெளிப்பான், வளர்ப்புப் பை ஆகியவற்றுக்கு இணைப்புக் கொடுக்கலாம். பொருளின் விலை குறைவாக இருப்பதால் ஒரு விற்பனைக்குச் சில ரூபாய்களே தேறும்.

சிறிய வலைப்பதிவுக்கு உண்மையில் கைகொடுப்பது எழுதுபவரின் சொந்தச் சேவைதான். மேலே கண்ட 2,000 பார்வைகளுக்கு மாதம் 30 டாலர்; ஒரு டாலரை 85 ரூபாய் என்று கொண்டால் 2,550 ரூபாய். அதே வலைப்பதிவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் மாடியிலேயே பயிற்சி வகுப்பு வைத்து, ஆளுக்கு 300 ரூபாய் வீதம் பத்துப் பேரிடம் வாங்கினால் 3,000 ரூபாய். அந்தப் பத்துப் பேரைச் சேர்க்க நாளொன்றுக்கு 2,000 பார்வைகள் தேவையில்லை. தம் ஊரைச் சேர்ந்த 200 பேர் நம்பிப் படித்தால் போதும். கூட்டம் குறைவாக உள்ள தமிழ் வலைப்பதிவருக்கு இக்கணக்கு மிக முக்கியமானது. போட்டித் தேர்வுக் கணக்கு எழுதுபவர் பயிற்சித் தாள்களையும், தையல் எழுதுபவர் அளவு மாதிரிகளையும், நாணயம் சேர்ப்பவர் மின்னூலையும் இவ்வாறு விற்க முடியும்.

பொருளாக விற்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதை விற்பனைக்கு 1983-ஆம் ஆண்டு விதைகள் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் தேவை. வீட்டில் செய்த ஊறுகாய், பொடி வகைகளை விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். வீட்டுத் தொழில்தானே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

தேடுபொறியை நம்பியிருத்தல்

ரௌஸ் 2004-ல் கண்ட இடர் இன்றும் தீரவில்லை, பெரிதாகியிருக்கிறது. கூகுள் 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் தேடல் முறையில் செய்த மாற்றங்களுக்குப் பிறகு உலகெங்கும் பல சிறு தளங்கள் தங்கள் வாசகரில் பெரும்பகுதியை இழந்தன. 2024 மே மாதம் அமெரிக்காவிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும், தேடல் முடிவுகளுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்க விடை தோன்றத் தொடங்கியது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் வாசகர் தளத்துக்குள் வருவதில்லை. வராதவருக்கு விளம்பரம் காட்ட முடியாது.

எந்த வகைப் பதிவு இதில் முதலில் அடிபடும் என்பது தெளிவு. "கத்தரி விதைத்து எத்தனை நாளில் முளைக்கும்" என்ற கேள்விக்கு ஒரு வரி விடை போதும். அதற்கு இனி யாரும் ஒரு தளத்தைத் திறக்க வேண்டியதில்லை. ஒருவர் தம் மாடியில் மூன்று கோடைகளில் நிழல்வலை போட்டும் போடாமலும் தக்காளி வளர்த்து ஒப்பிட்ட குறிப்பு அப்படிப்பட்டதன்று. அது வேறெங்கும் இல்லாத செய்தி. தேடல் தரத்தை மதிப்பிடுவோருக்கான தன் வழிகாட்டியில் கூகுள் 2022 டிசம்பரில் "நேரடி அனுபவம்" என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நாளுக்கு ஐம்பது பதிவுகளை உற்பத்தி செய்து தேடலில் முந்தப் பார்ப்பதை 2024 மார்ச் முதல் விதிமீறலாகவே அது வகைப்படுத்தியுள்ளது.

வாசகரின் மின்னஞ்சல் முகவரியை அவர் ஒப்புதலுடன் பெற்று, புதிய பதிவை நேரே அனுப்புவது இந்த இடருக்குப் பழைய, ஆனால் இன்றும் பயன்தரும் மாற்று. வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களும் உதவும். அவையும் பிறர் இடம் என்பதை மறக்கலாகாது.

ஏமாற்று விளம்பரங்கள்

"வீட்டிலிருந்தே தினம் 2,000 ரூபாய்" என்ற அறிவிப்புகளில் பல வலைப்பதிவின் பெயரையும் பயன்படுத்துகின்றன. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், "முன்பே ஒப்புதல் பெற்ற ஆட்சென்ஸ் கணக்கு" என்று ஏதாவதொன்றுக்குப் பணம் கேட்பதே இவற்றின் பொது அடையாளம். ஆட்சென்ஸில் சேரக் கட்டணம் எதுவும் இல்லை. ஒருவரின் கணக்கை மற்றவருக்கு விற்பதும் விதிக்குப் புறம்பானது. பிளாக்கரில் வலைப்பதிவு தொடங்குவதற்கும் பணம் வேண்டாம். தனிப் பெயருள்ள இணைய முகவரி வேண்டுமென்றால் மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். வேலையிழந்தவரும், ஓய்வு பெற்றவரும், வீட்டை விட்டு வெளியே போக இயலாத பெண்களுமே இவர்களின் குறி. கைச்செலவுக்கு வழி தேடி வந்தவரிடமே பணத்தைப் பிடுங்குவது இரட்டைக் கொடுமை.

சட்டமும் வரியும்

இணையத்தில் கிடைக்கும் படம் எல்லாம் பொதுச்சொத்து ஆகாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படத்துக்கும் எழுத்துக்கும் பொருந்தும். தாமே எடுத்த படம் மங்கலாக இருந்தாலும் அதுவே பாதுகாப்பானது.

பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பாராட்டி எழுதினால் அதனை வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-லும், ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டுள்ளன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

வலைப்பதிவு வருமானம், தொகை எவ்வளவு சிறிதானாலும், வருமான வரிக் கணக்கில் காட்டப்பட வேண்டியதே. ஓய்வூதியம் பெறுபவர் அதனை ஓய்வூதியத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். சேவை வழங்குவோரின் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. இணைய முகவரிக்கு ஆன செலவு, ஆட்சென்ஸ் வரவு, பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றை முதல் மாதத்திலிருந்தே ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால் பின்னர் தேட வேண்டியிருக்காது.

இணைய முகவரியை வாங்கும்போது அதனைத் தம் சொந்தப் பெயரிலும் சொந்த மின்னஞ்சலிலும் பதிவு செய்ய வேண்டும். தளம் அமைத்துத் தந்தவரின் பெயரில் பதிவாகியிருந்தால் பின்னாளில் அவரைத் தேடி அலைய நேரும். ஆண்டுப் புதுப்பிப்பைத் தவறவிட்டு, குறிப்பிட்ட காலக்கெடுவும் கடந்துவிட்டால் அம்முகவரியை வேறு எவரும் வாங்கிக்கொள்ளலாம். எழுதியவை கையில் இருந்தாலும், பழைய இணைப்புகளைச் சொடுக்கி வரும் வாசகர் அப்போது போய் நிற்பது வேறொருவர் வீட்டு வாசலில்.